ஆசனவாய் வெடிப்பு: வாரக்கணக்கில் விடாத வலியைச் சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மலம் கழிக்கும்போது கண்ணாடித் துண்டால் கீறுவது போல ஒரு வலி. முடித்து எழுந்ததும் சில நிமிடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் மெல்ல எரிச்சல் கிளம்பி, உள்ளே எதுவோ இறுக்கிப் பிடித்து, ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ உட்காரவும் விடாமல் நிற்கவும் விடாமல் படுத்தி எடுக்கும். ஆசனவாய் வெடிப்பு, அதாவது ஃபிஷர் வந்தவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம்.

புதிதாக வந்த வெடிப்பு பலருக்கு நார்ச்சத்து, தண்ணீர், வெந்நீர் இந்த மூன்றிலேயே சில வாரத்தில் ஆறிவிடும். இது அப்படி ஆறாதவர்களுக்காக எழுதியது. மாதம் ஒன்றாகிவிட்டது, வாழைப்பழமும் கீரையும் சாப்பிட்டாகிவிட்டது, ஆயின்ட்மென்டும் பூசியாகிவிட்டது, இன்னும் ஏன் வலிக்கிறது என்று கேட்பவர்களுக்காக. இந்த வலிக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று கிழிந்த தோல். இன்னொன்று அந்தத் தோலுக்கு அடியில் இறுகிப்போன தசை. பெரும்பாலானவர்கள் தோலை மட்டும் கவனிக்கிறார்கள். நீண்ட நேரம் நிற்கும் வலி வருவது தசையிலிருந்து.

படி 1: இது வெடிப்புதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

நம் ஊரில் பின்புறம் எது வந்தாலும் அதற்குப் பெயர் மூலம். பஸ் ஸ்டாண்டு சுவரில் ‘மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸும் எல்லாவற்றையும் ஒரே கணக்கில்தான் சேர்க்கிறது. ஆனால் உள்மூலம் பொதுவாக வலிக்காது. ரத்தம் சொட்டும், சிலருக்குச் சதை இறங்கும். ஃபிஷரில் வலிதான் முன்னால் நிற்கும். ரத்தம் கொஞ்சமாக, பளிச்சென்ற சிவப்பில், மலத்தின் மேல் கோடு போலவோ கழுவும்போது கையிலோ தெரியும். ஆசனவாயிலிருந்து சுமார் 2 செ.மீ. உள்ளே ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அதற்கு மேலே உள்ள பகுதிக்குக் கீறல் வலி அவ்வளவாகத் தெரியாது. கீழே இருக்கும் மெல்லிய தோலில் விரல் நுனியில் இருப்பது போலவே வலி நரம்புகள் உண்டு. வெடிப்பு வருவது இந்தக் கீழ்ப்பகுதியில்.

ஒருமுறையாவது டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பொது அறுவை மருத்துவர் போதும். இரண்டு பக்கமும் மெதுவாக விலக்கிப் பார்த்தாலே வெடிப்பு பெரும்பாலும் தெரிந்துவிடும். வலி கடுமையாக இருக்கும் நாளில் விரல் விட்டோ கருவி விட்டோ பார்க்க வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை. ‘ரொம்ப வலிக்கிறது டாக்டர், உள்ளே பார்ப்பதைக் கொஞ்சம் ஆறின பிறகு வைத்துக்கொள்ளலாமா’ என்று தயங்காமல் கேட்கலாம். பெண்கள் பெண் டாக்டரையோ, கூட ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்றோ கேட்பதிலும் தவறில்லை.

பெரும்பாலான வெடிப்புகள் நடுக்கோட்டில், முதுகெலும்புப் பக்கமாகவே வரும். பெண்களுக்கு, குறிப்பாகப் பிரசவத்துக்குப் பின், முன்பக்கமும் வருவதுண்டு. பக்கவாட்டில் வந்தாலோ, ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, பார்க்க வெடிப்பாக இருந்தும் வலியே இல்லாவிட்டாலோ வேறு காரணம் தேட வேண்டும். குரோன் நோய் (குடலில் நீடிக்கும் அழற்சி), காசநோய், எச்.ஐ.வி., சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய், அரிதாகப் புற்றுநோய் என்று அந்தப் பட்டியல் போகும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோடு வீக்கம், சீழ், அல்லது மலம் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் நாள் முழுக்க விண்விண்ணென்று தெறிக்கும் வலி இருந்தால் அது சீழ்க்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலும் அப்படியே. ரத்தம் கருஞ்சிவப்பாகவோ மலத்தோடு கலந்தோ நிறையவோ வந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், மலம் போகும் பழக்கமே மாறிப்போயிருந்தால், வயது நாற்பதைத் தாண்டியிருந்தால், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்திருந்தால், ‘ஃபிஷர்தான்’ என்று நீங்களே முடிவு செய்துகொண்டு இருந்துவிடாதீர்கள்.

படி 2: வலி ஏன் போகாமல் நிற்கிறது?

ஆசனவாயைச் சுற்றி இரண்டு வளையத் தசைகள் இருக்கின்றன. வெளி வளையம் நாம் சொன்னபடி கேட்கும். உள் வளையம் கேட்காது. அது தானாகவே எப்போதும் மூடி வைத்திருக்கும், தூங்கும்போதும். தோல் கிழிந்ததும் இந்த உள் வளையம் பயந்து இறுகுகிறது. இறுகினால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. பின்பக்க நடுக்கோட்டுக்கு இயல்பிலேயே ரத்த ஓட்டம் குறைவு, அதனால்தான் வெடிப்பும் அங்கேயே வருகிறது, அங்கேயே ஆறாமலும் நிற்கிறது. மறுநாள் காலையில் இறுகிய ஆசனவாய் வழியாக மலம் வந்து பழைய கீறலைத் திறக்கிறது. தசை இன்னும் இறுகுகிறது.

இந்தச் சுற்று ஆறு முதல் எட்டு வாரம் நீடித்தால் அதை நாட்பட்ட வெடிப்பு என்பார்கள். ஓரங்கள் தடித்துவிடும். வெளியே சின்னத் தோல் மொட்டு ஒன்று வளரும். அதைத் தொட்டுப் பார்த்துத்தான் பலர் ‘மூலம் வந்துவிட்டது’ என்று நினைக்கிறார்கள். இந்தக் கட்டத்தில் மலத்தை மட்டும் இளக்கினால் பலருக்குப் போதாது. தசையையும் இளக்க வேண்டும்.

படி 3: மலத்தை இளக்குங்கள், ஆனால் பேதியாக்காதீர்கள்

பிரிஸ்டல் அளவுகோல் என்று 1997இல் வெளிவந்த ஒரு பட்டியல் மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது. 1 என்றால் ஆட்டுப் புழுக்கை மாதிரி, 7 என்றால் வெறும் தண்ணீர். உங்களுக்கு வேண்டியது 4: உருவத்தோடு, வழவழப்பாக, முக்காமல் இறங்குவது. இறுகிய மலம் கிழிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நாலைந்து முறை தண்ணீராகப் போவதும் அந்தத் தோலை அரித்துப் புண்ணை ஆறவிடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பேதி மருந்து சாப்பிட்டு ‘சுத்தம்’ செய்கிறேன் என்பது ஃபிஷருக்குச் செய்யும் கெடுதல்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 35 கிராம் நார்ச்சத்து வேண்டும். ஒரு கப் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூட இருக்காது. இட்லி, தோசை, சாதம், ரசம் என்று மூன்று வேளையும் ஓடும் வீட்டில் இந்த அளவு எட்டுவது கஷ்டம். ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் சுமார் 12 கிராம், நடுத்தர அளவு கொய்யா ஒன்றில் சுமார் 5 கிராம் கிடைக்கும். மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், மதியம் சோற்றின் அளவுக்குச் சமமாகப் பொரியலும் கூட்டும் (அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு, கீரை எதுவானாலும் சரி), பழமாகக் கொய்யாவோ பப்பாளியோ என்று வைத்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கேழ்வரகு, கம்பு வாரத்தில் சில நாள் வரட்டும். மைதா பரோட்டாவைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள்.

மீதிக்கு இசப்கோல், அதாவது தண்ணீரில் ஊறிக் கெட்டியாகும் நார்ச்சத்து உமி. ஒன்றோ இரண்டோ தேக்கரண்டி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து, கெட்டியாகும் முன் குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீரும் குடிக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் அது உள்ளே கட்டியாகி அடைத்துக்கொள்ளும். குடித்தவுடன் படுக்க வேண்டாம். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஒரே நாளில் நார்ச்சத்தை ஏற்றினால் வயிறு உப்பும், ஆகவே ஒரு வாரம் எடுத்துக்கொண்டு படிப்படியாகக் கூட்டுங்கள். தண்ணீர் நாளைக்கு இரண்டரை லிட்டர் அளவில், வெயில் காலத்தில் அதற்கு மேல். சிறுநீரகம் அல்லது இதயக் கோளாறுக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கடுமையான மலச்சிக்கல் இருக்கிறவர்களுக்கு நார்ச்சத்து மட்டும் போதாது. லாக்டுலோஸ் சிரப்போ, பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரோ டாக்டர் எழுதித் தருவார். இவை மலத்தில் தண்ணீரைத் தக்கவைப்பவை, சில வாரம் தொடர்ந்து எடுக்கலாம். லாக்டுலோஸ் வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும், இன்றிரவு குடித்துவிட்டு நாளை காலையில் கேட்கவில்லையே என்று அளவைக் கூட்டாதீர்கள். நிலாவாரை, பிசாகோடில் போன்றவை குடலைத் தூண்டி முறுக்குபவை. எப்போதாவது பரவாயில்லை, தினசரிக்கு வேண்டாம்.

நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் ஒருமுறை பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை, அலுமினியம் கலந்த ஆன்டாசிட், கோடீன் அல்லது டிரமடால் கலந்த வலி மருந்து, சில ரத்த அழுத்த மாத்திரைகள் மலத்தை இறுக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

‘உடம்புச் சூடுதான் காரணம், கோழி சாப்பிடாதே’ என்று வீட்டில் சொல்வார்கள். கோழியில் சூடு இருக்கிறதோ இல்லையோ, நார்ச்சத்து இல்லை, அதோடு சேரும் பரோட்டாவிலும் அதிகம் இல்லை. சூட்டைத் தணிக்கக் கொடுக்கும் ஊறவைத்த வெந்தயத்தில் கரையும் நார்ச்சத்து இருக்கிறது, மோரில் தண்ணீர் இருக்கிறது. ஆகவே பாட்டியோடு சண்டை போட வேண்டியதில்லை. மிளகாய்க் காரம் மட்டும் உண்மையிலேயே கழிக்கும்போது எரிக்கும், அதைக் குறையுங்கள்.

பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தனியாக ஒன்று. சில வீடுகளில் பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பார்கள். கூடவே இரும்பு மாத்திரையும் ஓடும். தாய்ப்பாலுக்கும் தண்ணீர் வேண்டும், ஃபிஷருக்கும் வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் பத்தியத்தை மீறுவதுதான் சரி.

படி 4: கழிப்பறையில்

வலிக்குப் பயந்து அடக்குவதுதான் இந்த நோயின் பெரிய வலை. ஒரு நாள் அடக்கினால் மலத்தில் உள்ள தண்ணீரைக் குடல் உறிஞ்சிக்கொண்டு மறுநாள் கல்லாக்கித் தரும். சாப்பிட்டால்தானே போக வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைப்பவர்களும் உண்டு, அதுவும் அதே விளைவுதான். உணர்வு வந்ததும் போய்விடுங்கள். காலை உணவுக்குப் பிறகு குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

போவதற்கு ஐந்து பத்து நிமிடம் முன்னால், டாக்டர் கொடுத்திருந்தால் லிக்னோகெய்ன் ஜெல்லை விளிம்பில் தடவுங்கள், மரத்துப்போகும். இல்லாவிட்டால் வாசலினோ தேங்காய் எண்ணெயோ ஒரு படலமாகத் தடவினாலும் உராய்வு குறையும். இந்திய முறைக் கழிப்பறையில் குந்தி உட்காரும்போது குடலின் வளைவு நேராகி மலம் எளிதாக இறங்கும். வெஸ்டர்ன் என்றால் காலுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டு, முழங்கால் இடுப்பை விட உயரமாக வரும்படி முன்னால் சாய்ந்துகொள்ளுங்கள்.

மூச்சைப் பிடித்து முக்காதீர்கள். வாயைக் கொஞ்சம் திறந்து, மெதுவாக மூச்சை வெளியே விட்டபடி வயிற்றைத் தளர்த்துங்கள். பற்களைக் கடித்து, தோளைத் தூக்கி, கை முஷ்டியை மடக்கினால் கீழேயும் இறுகும். ஐந்து நிமிடத்தில் வரவில்லை என்றால் எழுந்துவிட்டு, அடுத்த உணர்வு வரும்போது போகலாம். போனை வெளியே வைத்துவிடுங்கள்.

கழுவுவதில்தான் நிறையப் பேர் புண்ணைக் கிளறுகிறார்கள். ஹெல்த் ஃபாசெட்டின் வேகமான பீச்சல் நேராகப் புண்ணில் அடிக்கும். மக்கில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து மெதுவாக ஊற்றுங்கள். சோப்பு வேண்டாம், டெட்டால் வேண்டவே வேண்டாம், வாசனை உள்ள ஈர டிஷ்யூவும் வேண்டாம். துடைக்காமல் மெத்தென்ற பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

படி 5: அதற்குப் பிறகான இரண்டு மணி நேரம்

எரிச்சல் கிளம்பும் வரை காத்திருக்காமல் உடனே வெந்நீரில் உட்காருங்கள். இடுப்பு மூழ்கும் அகன்ற பிளாஸ்டிக் டப் போதும். தரையில் குனிந்து உட்கார முடியாதவர்களுக்கு வெஸ்டர்ன் கழிப்பறை மேல் பொருத்தும் பேசின் மருந்துக் கடையில் கிடைக்கும். தண்ணீர் மணிக்கட்டில் ஊற்றினால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. சர்க்கரை நோயால் மரத்துப்போன உடம்பு என்றால் வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று முறை. உப்போ மருந்தோ கலக்கத் தேவையில்லை. வேலை செய்வது வெப்பம்தான், அது தசையைத் தளர்த்துகிறது.

டப்பில் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு சின்னப் பயிற்சி. மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு உப்பி, இடுப்பின் அடிப்பகுதி கீழே இறங்குவதைக் கவனியுங்கள். மூச்சை விடும்போது எதையும் மேலே இழுக்காதீர்கள். முதல் சில நாள் ஒன்றும் புரியாது. பிறகு ‘அட, இவ்வளவு நேரம் இறுக்கியா வைத்திருந்தேன்’ என்று தெரியும்.

வலி தினமும் ஒரே மாதிரி வருகிறது என்றால், வழக்கமாகப் போகும் நேரத்துக்கு முக்கால் மணி முன்பே பாராசிட்டமால் எடுத்துக்கொள்வது வலி வந்த பிறகு எடுப்பதை விடப் பயன்படும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி., நாளைக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. ஈரல் கோளாறோ குடிப்பழக்கமோ உள்ளவர்கள் அதைவிடக் குறைவாக, டாக்டர் சொல்படி. ஐபுபுரூஃபன் சிலருக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் கூடாது. முடிந்தால் காலையில் அரை மணி நேரம் ஒருக்களித்துப் படுத்துவிட்டு வேலைக்குக் கிளம்புங்கள். அதற்காக எழும் நேரத்தை முன்னே தள்ளுவது வீண் போகாது.

படி 6: தசையைத் தளர்த்தும் களிம்பு

நாட்பட்ட வெடிப்புக்கு இதுதான் முக்கிய மருந்து. இங்கேதான் அதிகம் பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மூலத்துக்கான களிம்புகள் பலவற்றில் மரத்துப்போகும் மருந்தும் ஸ்டீராய்டும் இருக்கும். பூசினால் சற்று இதமாக இருக்கும், உள் வளையத் தசையைத் தளர்த்தாது. ஸ்டீராய்டை வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து இன்னும் எளிதாகக் கிழியும்.

தசையைத் தளர்த்துபவை வேறு: டில்டியாசெம் 2 சதவீத ஜெல், நிஃபெடிபின் கலந்த களிம்பு, 0.2 முதல் 0.4 சதவீத நைட்ரோகிளிசரின் களிம்பு. முதலிரண்டும் ரத்த அழுத்தத்துக்கும், மூன்றாவது நெஞ்சு வலிக்கும் பயன்படும் மருந்துகளின் பூச்சு வடிவம். 1990களில்தான் இவற்றை ஃபிஷருக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். தசை தளர்ந்து ரத்த ஓட்டம் திரும்பினால் புண் தானே ஆறும் என்பது கணக்கு. மூன்றுக்கும் டாக்டர் சீட்டு வேண்டும்.

பூசும் முறை: கையைக் கழுவி, உறை போட்டுக்கொண்டு, பட்டாணி அளவு எடுத்து, விளிம்பைச் சுற்றியும் ஆசனவாயின் உட்புறம் ஒரு செ.மீ. வரையும் தடவுங்கள். ஆழமாகத் திணிக்கத் தேவையில்லை. நாளைக்கு இரண்டு அல்லது மூன்று முறை, மலம் கழித்தாலும் கழிக்காவிட்டாலும். வெந்நீரில் உட்கார்ந்து எழுந்து, ஒற்றி உலர்த்திய பிறகு பூசுவது வசதி.

நைட்ரோகிளிசரினில் தலைவலி வருவது சகஜம், சிலருக்குத் தாங்க முடியாத அளவுக்கு. படுத்துக்கொண்டு பூசுவது, அளவைக் குறைத்துத் தொடங்குவது, பாராசிட்டமால் எடுப்பது உதவும். முடியாவிட்டால் டில்டியாசெமுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், அதில் தலைவலி குறைவு, சிலருக்கு அரிப்பு வரலாம். ஒரு எச்சரிக்கையை மட்டும் மறக்கவே கூடாது: சில்டெனாஃபில், டடாலாஃபில் போன்ற ஆண்மைக்குறைவு மாத்திரை சாப்பிடுபவர்கள் நைட்ரோகிளிசரினைத் தொடக் கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் எந்தக் களிம்பானாலும் கேட்டுவிட்டே பூச வேண்டும்.

எவ்வளவு நாள்? ஆறு முதல் எட்டு வாரம். வலி பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்திலேயே குறைந்துவிடும், டியூபும் அலமாரிக்குப் போய்விடும். ஆனால் வலி நிற்பதற்கும் புண் ஆறுவதற்கும் இடையில் பல வாரம் இருக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு கல்யாணச் சாப்பாடும் ஒரு ரயில் பயணமும் போதும், மறுபடி முதலிலிருந்து. காலண்டரில் எட்டாவது வாரத்தின் கடைசி நாளை வட்டம் போட்டு, அதுவரை வலி இருக்கிறதா என்று பார்க்காமல் பூசுங்கள்.

படி 7: இறுக்கும் பழக்கத்தைக் கவனியுங்கள்

வாரக்கணக்கில் வலித்த பிறகு உடம்பு தானாகவே இடுப்பைச் சுருக்கி வைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் முன்னால், வண்டி ஓட்டும்போது, கோபம் வரும்போது. மணிக்கு ஒருமுறை போனில் ஓர் ஒலி வைத்து, அது ஒலிக்கும்போது பிட்டமும் அடிவயிறும் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு நீண்ட மூச்சோடு தளர விடுங்கள். இரவில் படுக்கும் முன் பாலாசனம் (மண்டியிட்டு முன்னால் குனிவது), ஆனந்த பாலாசனம் (மல்லாந்து படுத்துப் பாதங்களைப் பிடிப்பது) இரண்டும் வலிக்காத அளவுக்குச் செய்யலாம்.

யோகா வகுப்பில் மூலத்துக்கு என்று அஸ்வினி முத்திரை, மூல பந்தம் சொல்லித் தருவார்கள். இரண்டும் ஆசனவாயைச் சுருக்கி மேலே இழுக்கும் பயிற்சிகள். ஃபிஷர் வலி இருக்கும்போது இவை வேண்டாம். ஏற்கெனவே இறுகியிருக்கும் தசைக்கு இறுக்கும் பயிற்சி எதற்கு? பெண்களுக்குச் சொல்லப்படும், இடுப்பின் அடித் தசைகளைச் சுருக்கும் கீகல் பயிற்சிக்கும் இதே பதில்தான்.

படி 8: உட்கார்வது, பயணம், வேலை

வட்ட ஓட்டைத் தலையணை எல்லோருக்கும் ஒத்துவராது. நடுவில் ஆதாரமில்லாமல் தோல் விரிந்து சிலருக்கு வலி கூடும். பின்பக்கம் மட்டும் வெட்டு விட்ட ஃபோம் மெத்தையோ, சாதாரணப் பஞ்சு மெத்தையோ போட்டு எது இதமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். கெட்ட நாளில் இரு சக்கர வாகனத்துக்குப் பதில் பஸ்ஸில் நின்று போவதே மேல். நடைப்பயிற்சி குடலுக்கும் நல்லது. பாரம் தூக்குவதையும் சைக்கிளையும் ஆறும் வரை நிறுத்தி வையுங்கள். உள்ளாடை பருத்தியில், தளர்வாக.

இதை யாரிடமும் சொல்ல முடியாமல் தவிப்பதும் வலியில் ஒரு பங்கு. வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். காலையில் ஏன் அரை மணி நேரம் குளியலறையை அடைத்துக்கொள்கிறீர்கள் என்ற விசாரணையாவது குறையும்.

படி 9: மறுபடி கிழிந்தால்

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நாள் இறுகி, கிழிந்து, ரத்தம் தெரியும். ஆறும் காலத்தில் இது பலருக்கும் நடக்கும். அன்று மலம் இளக்கியின் அளவைக் கூட்டலாமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்திருங்கள். வெந்நீர் மூன்று வேளை, பாராசிட்டமால், காரமில்லாத இளகிய சாப்பாடு, களிம்பு வழக்கம் போல. மூன்று நான்கு நாளில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் கவலை இல்லை. ஒரு சின்ன நோட்டில் மலத்தின் வகை எண்ணையும் வலி எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் எழுதிவந்தால், மூன்று மணி நேரம் நின்ற வலி நாற்பது நிமிடமாகக் குறைந்திருப்பது தெரியும். தினம் தினம் பார்க்கும்போது அது தெரியாது.

படி 10: எட்டு வாரத்துக்குப் பின்னும் ஆறாவிட்டால்

முறையாகப் பூசியும் களிம்பு எல்லோருக்கும் கேட்பதில்லை. நைட்ரோகிளிசரினில் சுமார் பாதிப் பேருக்குத்தான் ஆறுகிறது, ஆறியவர்களிலும் கணிசமானவர்களுக்குத் திரும்ப வருகிறது. அடுத்த கட்டமாக இன்னொரு களிம்பு, போட்டாக்ஸ் ஊசி, அறுவை சிகிச்சை என்று வரும். போட்டாக்ஸ் உள் வளையத் தசையை மூன்று மாத அளவுக்குத் தளர்த்தி வைக்கும், அதற்குள் புண் ஆற வேண்டும். தற்காலிகமாக வாயுவை அடக்க முடியாமல் போகலாம்.

அறுவை சிகிச்சையில் உள் வளையத்தின் ஒரு சிறு பகுதியைப் பக்கவாட்டில் வெட்டித் தளர்த்துவார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆறிவிடும், பல மாதம் வதைத்த வலி சில நாளிலேயே அடங்கிவிடுவதும் உண்டு. அதன் விலை, ஒரு சிறு பங்கினருக்கு வாயுவையோ அரிதாக மலத்தையோ அடக்குவதில் சிரமம் வருவது. பிரசவத்தில் தசை சேதமானவர்கள், முன்பே அந்த இடத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், அடிக்கடி பேதியாகிறவர்கள் இதைக் கட்டாயம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். விரல்களால் ஆசனவாயை அகட்டி விரிக்கும் பழைய முறையைச் சொன்னால் வேறொரு டாக்டரைப் பாருங்கள், எவ்வளவு கிழிகிறது என்பதற்கு அதில் கட்டுப்பாடே கிடையாது.

‘லேசர்’ என்ற பலகையைப் பார்த்துப் போகிறவர்களுக்கு: லேசர் வெறும் கருவி. அதை வைத்து எந்தத் தசையை எவ்வளவு வெட்டப் போகிறீர்கள், அடக்கும் சக்தி பாதிக்கப்படும் வாய்ப்பு எவ்வளவு, ஆபரேஷன் இல்லாமல் இன்னும் முயல ஏதும் பாக்கி இருக்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள். பதில் சொல்லாமல் பேக்கேஜ் விலையை மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

படி 11: புண் ஆறிவிட்டது என்கிறார்கள், வலி மட்டும் இருக்கிறது

டாக்டர் பார்த்து ஆறிவிட்டது என்ற பிறகும் சிலருக்கு வலி தொடரும். மலம் கழிப்பதோடு சம்பந்தமில்லாமல், உட்கார்ந்தால் கூடும், மந்தமான, உள்ளே பந்து ஒன்று இருப்பது போன்ற வலி என்றால் இடுப்புத் தளத் தசைகளே, அதாவது இடுப்பின் அடியில் உறுப்புகளைத் தாங்கி நிற்கும் தசைகளே இறுகியிருக்கலாம். டாக்டர் உள்ளே விரலால் அந்தத் தசையை அழுத்தும்போது அதே வலி வந்தால் கிட்டத்தட்ட உறுதி. இதற்கு இடுப்புத் தளப் பிசியோதெரபியும் பயோஃபீட்பேக் பயிற்சியும் (தசை இறுகுவதையும் தளர்வதையும் கருவியில் பார்த்துப் பழகுவது) இருக்கின்றன. பெரிய நகரங்களில் இதற்கென்றே பயின்ற பிசியோதெரபிஸ்டுகளைத் தேடினால் கிடைப்பார்கள். இரவில் திடீரென்று குத்திப் பிடித்துச் சில நிமிடத்தில் தானே விட்டுப்போகும் வலி என்றால் அது வேறொரு தசைப்பிடிப்பு, பயமுறுத்தும், ஆனால் கெடுதல் இல்லை. கசிவு, சீழ், அடிக்கடி ஈரம் இருந்தால் பௌத்திரம் (ஆசனவாயின் உள்ளிருந்து வெளித்தோலுக்கு வரும் சீழ்ப் புழை) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சில சமயம் எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

ஆறிய பிறகும் இசப்கோலையோ உணவில் உள்ள நார்ச்சத்தையோ நிறுத்தாதீர்கள். வெளியூர்ப் பயணத்தில் பையில் அதையும் ஒரு தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வளர்ந்த அந்தத் தோல் மொட்டு வெடிப்பு ஆறினாலும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். வலிக்காவிட்டால் விட்டுவிடலாம். கழுவும்போது இடைஞ்சலாக இருந்தால் பின்னால் எப்போது வேண்டுமானாலும் சின்ன அறுவையில் எடுத்துவிடலாம், அவசரமில்லை.